பிரெஞ்சு இம்பெர்ஃபெக்ட் சப்ஜங்க்டிவ்: ஒரே வடிவத்திலிருந்து ஆறையும் அமைக்கும் முறை

பிரெஞ்சு கற்பவர்களில் பலர், இம்பெர்ஃபெக்ட் சப்ஜங்க்டிவ் (விருப்பம், அச்சம் போன்றவற்றுக்குரிய சப்ஜங்க்டிவ் வினையின் இறந்தகால வடிவம்) என்ற தலைப்பைக் கண்டதும் இலக்கண நூலின் அந்தப் பக்கத்தைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். பேச்சில் வழங்காத வடிவம் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம்; அது உண்மையும்கூட. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல் ஒன்றைப் பிரெஞ்சிலேயே படிக்க எடுத்தவருக்கு இந்த வடிவம் தொடக்கப் பக்கங்களிலேயே எதிர்ப்படும். அதை அடையாளம் காணத் தெரியாவிட்டால், நடந்து முடிந்த செயல் எது, விரும்பப்பட்ட அல்லது அஞ்சப்பட்ட செயல் எது என்பதே குழம்பிப்போகும். இதைக் கற்பது கடினமன்று. நிகழ்கால சப்ஜங்க்டிவை அமைப்பதைவிட இது எளிது என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் இங்கே பகுதியைப் பொறுத்தவரை விதிவிலக்கான வினை ஒன்றுகூட இல்லை.

கீழே பிரெஞ்சுச் சொற்களை அவற்றின் ஒலிப்படி எழுதுகிறேன். எழுத்துகளைக் குறிப்பிட வேண்டிய இடங்களில் ஏ, ஐ, யூ, எஸ், டி என்று நமக்குப் பழகிய பெயர்களையே சொல்கிறேன். யூ எழுத்தின் ஒலியை 'யு' என்று காட்டியிருந்தாலும், உதடுகளை நன்றாகக் குவித்துக்கொண்டு 'இ' என்று சொன்னால்தான் சரியான ஒலி கிடைக்கும்.

முதலில், இந்த வடிவம் எங்கே தேவைப்படுகிறது என்பதைப் பார்த்துவிடலாம். தமிழில் 'அவன் வர வேண்டும் என்று விரும்புகிறேன்' என்பதை இறந்தகாலத்துக்கு மாற்றினால், 'அவன் வர வேண்டும் என்று விரும்பினேன்' என்று இறுதி வினை மட்டுமே மாறுகிறது. உள்ளே இருக்கும் 'வர வேண்டும்' அசைவதில்லை. செவ்வியல் பிரெஞ்சில் அப்படியன்று. தலைமை வாக்கியத்தின் வினை இறந்தகாலத்திலோ கண்டிஷனலிலோ (நிபந்தனை சார்ந்த வினைவடிவத்திலோ) இருந்தால், சார்பு வாக்கியத்தின் சப்ஜங்க்டிவ் வினையும் அதனோடு சேர்ந்து பின்னோக்கி நகர வேண்டும். 'ஜெ வே கில் வியென்' (அவன் வர வேண்டும் என்று விரும்புகிறேன்) என்பது, 'ஜெ வூலே கில் வேன்' (விரும்பினேன்) என்று ஆகும். இந்த 'வேன்' என்பதுதான் நாம் அமைக்கக் கற்க வேண்டிய வடிவம்.

அமைக்கும் முறைக்கு ஒரே ஒரு திறவுகோல் உண்டு. எந்த வினையானாலும், 'பஸே ஸேம்ப்ல்' எனப்படும் எளிய இறந்தகாலத்தில் அதன் முன்னிலை ஒருமை வடிவத்தை, அதாவது 'த்யு' என்பதற்குரிய வடிவத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். அது எப்போதும் எஸ் எழுத்தில் முடியும். அந்த எஸ்ஸை நீக்காமல் அதன்மேல் எஸ்-ஈ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் தன்மை ஒருமை கிடைத்துவிடும். 'பர்லே' (பேசு) என்ற வினையில் அந்த வடிவம் பி-ஏ-ஆர்-எல்-ஏ-எஸ். அதன் ஈற்று எஸ் ஒலிப்பதில்லை, 'பர்லா' என்றே கேட்கும். எஸ்-ஈ சேர்ந்ததும் உள்ளே இரண்டு எஸ் அமைந்துவிடுவதால், ஊமையாக இருந்த எழுத்து ஒலிக்கத் தொடங்கி 'பர்லாஸ்' ஆகிறது. ஆறு இடங்களுக்கும் வரிசையாக எழுதினால் இப்படி அமையும்:

கெ ஜெ பர்லாஸ் (சேர்ப்பது எஸ்-ஈ)
கெ த்யு பர்லாஸ் (எஸ்-ஈ-எஸ்)
கில் பர்லா (ஈற்று எஸ் கெடும், உயிரெழுத்தின்மேல் ^ என்ற கூரைக்குறி, பின் டி)
கெ நூ பர்லாஸ்யோன் (எஸ்-ஐ-ஓ-என்-எஸ்)
கெ வூ பர்லாஸ்யே (எஸ்-ஐ-ஈ-இசட்)
கில் பர்லாஸ் (பன்மை, எஸ்-ஈ-என்-டி)

பள்ளியில் நாம் படித்த பகுபத உறுப்பிலக்கணத்தை இங்கே பொருத்திப் பார்ப்பது பெரிதும் உதவுகிறது. 'நடந்தான்' என்பதை நட, த், த், ஆன் என்று பிரித்து, முதல் 'த்' சந்தி என்றும் அது 'ந்' ஆனது விகாரம் என்றும் சொல்கிறோம் அல்லவா? அதேபோல 'பர்லாஸ்யோன்' என்பதில் 'பர்ல்' பகுதி; அடுத்து வரும் ஆகாரமும் இரட்டை எஸ்ஸும் இடைநிலை போல நின்று காலத்தையும் சப்ஜங்க்டிவ் தன்மையையும் காட்டுகின்றன; 'யோன்' தன்மைப் பன்மை விகுதி. இப்படிப் பிரித்துப் பார்த்தால், மனப்பாடம் செய்யப் புதிய விகுதி ஏறக்குறைய எதுவுமே இல்லை என்பது தெரியவரும். படர்க்கை ஒருமையின் டி ஒன்றைத் தவிர, மற்ற ஐந்து விகுதிகளும் நிகழ்கால சப்ஜங்க்டிவில் ஏற்கெனவே கற்றவையே.

அந்தப் படர்க்கை ஒருமையில் மட்டும் எஸ் ஏன் காணாமற்போகிறது? உண்மையில் அது மறைந்துவிடவில்லை. கூரைக்குறியாக மேலே ஏறி நிற்கிறது. இந்த வடிவம் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. 'அமாவிஸ்ஸெத்' என்பது 'அமாஸ்ஸெத்' என்று குறுகி, பழைய பிரெஞ்சில் 'அமாஸ்த்' ஆயிற்று. பின்னர் டிக்கு முன் நின்ற எஸ் ஒலி கெட்டது. எழுத்தில் மட்டும் நெடுங்காலம் தங்கியிருந்தது. பிரெஞ்சு அகாதெமி 1740இல் வெளியிட்ட அகராதிப் பதிப்பு, இப்படி ஒலியிழந்து நின்ற எஸ் எழுத்துகளைப் பெருமளவில் நீக்கிக் குறிகளை இட்டது. ஆகவே கூரைக்குறி அங்கே அழகுக்காக இடப்பட்டதன்று. கெட்ட மெய்யின் நினைவு அது. இதை ஒருமுறை உணர்ந்துகொண்டவர் அக்குறியை இட மறக்கமாட்டார்.

திறவுகோலான 'த்யு' வடிவத்தில் வரும் உயிரொலியைப் பொறுத்து, எல்லா வினைகளும் நான்கே வகைகளில் அடங்கும். ஈ-ஆரில் முடியும் வினைகள் அனைத்தும், 'அலே' (போ) உட்பட, ஆகார வகை. இதில் ஐயத்துக்கே இடமில்லை. இகர வகையில் 'ஃபினீர்' (முடி) போன்ற ஐ-ஆர் வினைகளும், ஆர்-ஈயில் முடியும் வினைகளில் பெரும்பாலானவையும் சேரும்: 'ஃபேர்' (செய்) ஃபி, ஃபிஸ்; 'ப்ரான்த்ர்' (எடு) ப்ரி, ப்ரிஸ்; 'ரான்த்ர்' (திருப்பிக் கொடு) ரான்தி, ரான்திஸ். யூ வகையில் 'எத்ர்' (இரு) ஃப்யு, ஃப்யுஸ். 'அவ்வார்' (உடைத்தாயிரு) யு, யுஸ். இவற்றோடு 'பூவ்வார்' (இயலு), 'ஸவ்வார்' (அறி), 'தெவ்வார்' (கடமைப்படு), 'லீர்' (படி), 'வீவ்ர்' (வாழ்), 'மூரீர்' (இற) முதலியவை வரும். நான்காம் வகை மிகச் சிறியது: 'வெனீர்' (வா), 'தெனீர்' (பிடி), இவற்றிலிருந்து கிளைத்த வினைகள். 'வெனீர்' என்பதன் 'த்யு' வடிவம் வி-ஐ-என்-எஸ். தன்மை ஒருமை வி-ஐ-என்-எஸ்-எஸ்-ஈ. படர்க்கை ஒருமையில் ஐயின் மேல் கூரைக்குறி ஏறி, என் எழுத்துக்குப் பின் டி வரும்.

வகையைக் கண்டுபிடிக்க, இறந்தகால எச்ச வடிவத்தைப் பலர் துணைக்கொள்கிறார்கள். 'ல்யு' (படித்த), 'வேக்யு' (வாழ்ந்த), 'ப்ரி' (எடுத்த) போன்றவற்றில் அது கைகொடுக்கும். ஆனால் அதையே முழுதும் நம்புவது ஆபத்து. 'வ்வார்' (பார்) என்பதன் எச்சம் 'வ்யு', எளிய இறந்தகாலமோ 'வி'. 'ரான்த்ர்' என்பதன் எச்சம் 'ரான்த்யு', இறந்தகாலம் 'ரான்தி'. 'நெத்ர்' (பிற) என்பதன் எச்சம் 'நே', இறந்தகாலம் 'நகி'. 'எக்ரீர்' (எழுது) என்பதன் எச்சம் 'எக்ரி', இறந்தகாலம் 'எக்ரிவி'. எனவே எளிய இறந்தகாலத்தை முதலில் திருத்தமாகக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் பரிந்துரை. அது கைவந்தபின் இம்பெர்ஃபெக்ட் சப்ஜங்க்டிவுக்கென்று தனியாக உழைக்க வேண்டியது மிகக் குறைவு. எளிய இறந்தகாலமே இல்லாத 'க்ளோர்' (மூடு), 'த்ரேர்' (பால் கற) போன்ற சில வினைகளுக்கு இந்த வடிவமும் இல்லை.

எழுத்துக்கூட்டலில் கவனிக்க வேண்டியவை சிலவே. 'மான்ஜே' (உண்) என்பதில் ஜி எழுத்தின் மெல்லொலியைக் காக்க, ஏ எழுத்துக்கு முன் ஓர் ஈ தங்கும். 'கொமான்ஸே' (தொடங்கு) என்பதில் சி எழுத்துக்கு அடியில் வால் இட வேண்டும். 'அயீர்' (வெறு) என்ற வினை, ஐ எழுத்தின்மேல் ஏற்கெனவே இரு புள்ளிகளைத் தாங்கியிருப்பதால் கூரைக்குறியை ஏற்பதில்லை. ஐ, யூ எழுத்துகளின்மேல் வரும் கூரைக்குறியைப் பல சொற்களில் விட்டுவிடலாம் என்று 1990ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் இடம் கொடுத்தது. ஆனால் அந்தச் சலுகை எளிய இறந்தகாலத்துக்கும் சப்ஜங்க்டிவ் வடிவங்களுக்கும் பொருந்தாது.

ஏன் பொருந்தாது என்பதை ஒரே இணையில் கண்கூடாகக் காணலாம். 'அப்ரே கில் ஃப்யு பர்தி' என்றால் 'அவன் புறப்பட்ட பின்'. 'அவான் கில் ஃப்யு பர்தி' என்றால் 'அவன் புறப்படும் முன்'. காதுக்கு இரண்டு 'ஃப்யு'வும் ஒன்றே. எழுத்திலும் இரண்டும் எஃப்-யூ-டிதான்; முதலாவதில் குறி இல்லை, இரண்டாவதில் யூவின் மேல் கூரை உண்டு. முதலாவது நடந்து முடிந்த உண்மை, ஆகவே இண்டிகேடிவ் (உள்ளதை உள்ளபடி கூறும் வினைவடிவம்). இரண்டாவது இன்னும் நடவாதது, ஆகவே சப்ஜங்க்டிவ். எழுதும்போது எது வேண்டும் என்ற ஐயம் வந்தால், எழுவாயைப் பன்மையாக்கிப் பாருங்கள். 'ஃப்யுர்' என்று வாயில் வந்தால் குறி வேண்டாம். 'ஃப்யுஸ்' என்று வந்தால் குறி கட்டாயம். பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இடறும் இடம் இது. இந்தச் சோதனை கைவிட்டதில்லை. அதேநேரம், 'நூ பர்லாம்', 'வூ பர்லாத்' என்ற எளிய இறந்தகாலப் பன்மைகளிலும் கூரைக்குறி உண்டு என்பதால், குறியைக் கண்ட மாத்திரத்தில் சப்ஜங்க்டிவ் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

'ஃபினீர்' போன்ற ஒழுங்கான ஐ-ஆர் வினைகளில், படர்க்கை ஒருமையைத் தவிர மற்ற ஐந்து இடங்களிலும் நிகழ்கால சப்ஜங்க்டிவும் இம்பெர்ஃபெக்ட் சப்ஜங்க்டிவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. அங்கே காலத்தைத் தலைமை வினையைக் கொண்டுதான் உணர வேண்டும்.

இன்று எழுதும்போது இதை எவ்வளவு கையாள்வது? கண்டிஷனலுக்குப் பின் நிகழ்கால சப்ஜங்க்டிவை எழுதினால் தேர்வுகளில் பிழையாகக் கொள்ளக் கூடாது என்று 1901 பிப்ரவரி 26ஆம் நாளிட்ட பிரெஞ்சு அரசாணை கூறியது. 1976 டிசம்பர் 28ஆம் நாளிட்ட ஆணை இறந்தகாலத்துக்குப் பின்னும் அதை ஏற்றது. ஆகவே 'ஜெ வூலே கில் வியென்' என்று எழுதுபவர் தவறு செய்தவராகார். என் அறிவுரை இதுதான்: ஆறு வடிவங்களையும் படிக்கும்போது அடையாளம் காணப் பழகுங்கள், எழுதும்போது படர்க்கை ஒருமையை, அதிலும் 'எத்ர்', 'அவ்வார்' இரண்டின் படர்க்கையை, முறைசார்ந்த உரைநடையில் தயங்காமல் கையாளுங்கள். 'கெ வூ பர்லாஸ்யே' போன்றவை இன்றைய காதுக்குக் கனமாக ஒலிக்கும். அவற்றைத் தவிர்ப்பதே நன்று.

அவ்விரு துணைவினைகளுக்கும் முதலிடம் தரச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'யுஸ்', 'ஃப்யுஸ்' வரிசைகளோடு இறந்தகால எச்சத்தைச் சேர்த்தால், சப்ஜங்க்டிவின் இன்னொரு காலமாகிய ப்ளூபெர்ஃபெக்ட் உருவாகிவிடுகிறது. அந்த வடிவம் இலக்கிய நடையில், சார்பு வாக்கியத்துக்கு வெளியே, கண்டிஷனலின் இறந்தகாலமாகவும் நின்று பொருள் தரும். 'ஈல் யு ஃபல்யு' என்று ஒரு வாக்கியம் தொடங்கினால், 'செய்திருக்க வேண்டியிருந்திருக்கும்' என்ற பொருளில் அதைப் படிக்க வேண்டும். அதிலுள்ள 'யு'வை எளிய இறந்தகாலத்தின் 'யு'வோடு மயங்காமல் பிரித்துக் காட்டுவது, அங்கேயும் யூவின் மேல் நிற்கும் அந்தக் கூரைக்குறிதான்.