கிழக்குக் கடற்கரைக்கு வெள்ளிக்கிழமை கிளம்பாதீர்கள்

மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல வந்தால் வியாழன் இரவே வண்டியைக் கிளப்பிவிடுகிறோம். வெள்ளி காலை பத்து மணிக்கு அருங்காட்சியக வாசலில் போய் நின்றால் கதவில் பூட்டு தொங்குகிறது. எனக்கு இது இரண்டு முறை நடந்திருக்கிறது. இரண்டாவது முறை கூட வந்த அத்தை, "இவ்வளவு தூரம் வந்தாச்சு, பூட்டையாவது ஒரு போட்டோ எடுத்துக்கோ" என்றார். எழும்பூர் அரசு அருங்காட்சியகம், புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம், தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை எல்லாவற்றுக்கும் வெள்ளிதான் விடுமுறை. புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குத் திங்கள். வண்டி எடுக்கும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால் அத்தையிடம் பேச்சு வாங்க வேண்டியதில்லை.

இது சின்னத் தவறு. பெரிய தவறு, கண்ணுக்கு முன்னால் நிற்பதெல்லாம் பழையது என்று நம்புவது. இந்தக் கரையில் உண்மையிலேயே பழையவை பெரும்பாலும் மண்ணுக்கடியில் இருக்கின்றன. இல்லையென்றால் கடலுக்குள், அல்லது அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள்.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் பழைய துறைமுகம் இருந்த அரிக்கமேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அரியாங்குப்பம் ஆற்றங்கரைத் தோப்புக்குள் இடிந்த செங்கல் சுவர்கள் நிற்கின்றன. வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படமெடுத்து, "இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ரோமானியர் குடியிருப்பு" என்று ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். அந்தச் சுவர் 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் கட்டிய வீட்டின் மிச்சம். தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் 1945இல் தோண்டிய அகழாய்வுக் குழிகள் எப்போதோ மூடப்பட்டுவிட்டன. அங்கே கிடைத்த மணிகளையும் பானைத் துண்டுகளையும் பார்க்கப் புதுச்சேரிக்குள், பாரதி பூங்கா பக்கத்தில் இருக்கும் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். ஆகவே முதலில் அங்கே போங்கள். ஆம்போரா என்கிற, இரண்டு பிடி வைத்த கூர் அடி ஜாடியின் துண்டுகளைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து திராட்சை மது அதில்தான் வந்தது. அதைப் பார்த்துவிட்டு அரிக்கமேட்டுக்குப் போனால் வெறும் மேடும் ஆறும் போதும். இல்லாவிட்டால், "இங்க என்ன இருக்கு?" என்று பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவீர்கள்.

அங்கே இன்னொரு ஆசை வரும். மழை பெய்து ஓய்ந்ததும் மண்ணில் குட்டிக் கண்ணாடி மணிகள் மினுங்கும். குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். எந்த இடத்தில், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பது தெரிந்தால்தான் அந்த மணிக்கு மதிப்பு. உங்கள் மேசை இழுப்பறைக்குள் போனபின் அது வெறும் பாசிமணி.

பூம்புகாரிலும் இதே கதைதான். ஏழு நிலை மாடத்தோடு நிற்கும் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைச் சோழர் காலத்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன். அது 1973இல் திறக்கப்பட்டது. அழகான இடம், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பழைய புகாரின் தடம் வேண்டுமென்றால் கீழையூரில் அகழ்ந்தெடுத்த செங்கல் படகுத்துறையையும் பல்லவனேசுவரத்துப் பௌத்த விகாரையின் அடித்தளத்தையும் தேடிப் போக வேண்டும். இரண்டும் பார்வைக்கு எளியவை. அங்கே கூட்டம் இருக்காது.

மாமல்லபுரத்தில் தவறுகள் வேறு வகை. கடற்கரைக் கோயிலில் வாங்கிய நுழைவுச்சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு, ஐந்து ரதத்தில் மறுபடி காசு கொடுக்கிறார்கள். அதே நாளில் இரண்டுக்கும் ஒரே சீட்டு போதும். அப்புறம், மதியம் போவது. அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்கு பார்த்தது. காலை வெயில் சாய்வாக விழும்போது யானையின் காலடிச் சுருக்கங்கள்கூடத் தெரியும். யானைக்குக் கீழே தவம் செய்யும் பூனையையும் அதைச் சுற்றி நிற்கும் எலிகளையும் தேடிப் பிடியுங்கள். பூனையின் முன்கால்கள் தலைக்கு மேல் உயர்ந்திருக்கும். மேலே தவசி நிற்கும் நிலை அச்சு அசலாக அதேதான். பல்லவர் காலத்துச் சிற்பிக்கு நல்ல குசும்பு.

வழிகாட்டி சொல்கிறாரே என்று எல்லாவற்றையும் பாண்டவர் கணக்கில் எழுதிவிடவும் வேண்டாம். தர்மராஜ ரதம், பீம ரதம் என்பதெல்லாம் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர்கள். திரௌபதி ரதத்துக்குள் எட்டிப் பாருங்கள், இருப்பவள் கொற்றவை.

கல்லைத் தடவிப் பார்ப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடல் காற்றிலுள்ள உப்பு கல்லின் நுண்துளைக்குள் புகுந்து, ஈரம் காய்ந்ததும் படிகமாகி, உள்ளிருந்தே கல்லைப் பொடியாக்குகிறது. கடற்கரைக் கோயிலின் சிற்பங்கள் மழுங்கிப்போனதில் காற்றும் மணலும் இந்த உப்பும் கூட்டாளிகள். அந்த மேற்பரப்பில் சாய்ந்து உட்கார்ந்து செல்ஃபி எடுத்தால் உதிர்வது கொஞ்சம் சீக்கிரமாகும்.

வடக்கே சாளுவன்குப்பத்தில் புலிக்குகையோடு திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். 2004 சுனாமி மணலை அரித்துக் கல்வெட்டைக் காட்டிக் கொடுத்ததால் 2005இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட முருகன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. பல்லவர் காலக் கட்டுமானத்துக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கருவறை. தெற்கே சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்குள் இருக்கும் கல்லறைத் தோட்டம் பல நேரம் பூட்டியிருக்கும். காவலரிடம் கேட்டுப் பாருங்கள். பெயரும் ஆண்டும் குடும்பச் சின்னமுமாக நுணுக்கிச் செதுக்கிய அந்தக் கற்பலகைகளைப் பார்க்காமல் வந்தால் கோட்டைக்குப் போனதற்கு அர்த்தமில்லை.

கடைசியாகத் தரங்கம்பாடி. சென்னையிலிருந்து ஏறக்குறைய 280 கிலோமீட்டர். போகிற வழியில் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள், இருட்டிய பிறகுதான் ஊர் வந்து சேர்வீர்கள். 1620இல் டேனியர் கட்டிய கோட்டையோடு நிறுத்திக்கொள்வதும் தவறு. 1706இல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1718இல் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம் சில நிமிட நடைதான். கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியை அலை தின்றுவிட்டது. இடிபாடு என்று நினைத்துச் செருப்புக்காலோடு ஏறிவிடாதீர்கள், இன்றும் பூசை நடக்கும் கோயில் அது.