கோவை – சென்னை வந்தே பாரத்: டிக்கெட் எடுப்பதிலிருந்து இறங்குவது வரை

முதன்முறையாக வந்தே பாரத்தில் போகிறவர்களுக்கான குறிப்பு இது. 2023 ஏப்ரல் 8-ம் தேதி தொடங்கிவைக்கப்பட்ட சென்னை சென்ட்ரல் – கோயம்புத்தூர் வண்டியை வைத்துச் சொல்கிறேன். மற்ற ஊர் வந்தே பாரத்துகளுக்கும் பெரும்பாலும் இதேதான். ரயில் டிக்கெட் எடுக்கும் இணையதளமான ஐ.ஆர்.சி.டி.சி.யில் கணக்கு தொடங்குவது, கடவுச்சொல் போடுவது எல்லாம் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன். கணக்கில் ஆதாரை மட்டும் இப்போதே இணைத்துவிடுங்கள். 2025 ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்க்காத கணக்கில் தட்கால் (கடைசி நேர அவசர டிக்கெட்) எடுக்க முடியாது.

படி 1: வண்டியும் நாளும்

கோவையில் காலை 6 மணிக்குக் கிளம்புவது 20644. சென்ட்ரலுக்கு 11.50. பிற்பகல் 2.25-க்கு சென்ட்ரலில் கிளம்பி இரவு 8.15-க்குக் கோவை வருவது 20643. அட்டவணையை அவ்வப்போது சில நிமிடங்கள் மாற்றுவார்கள், டிக்கெட்டில் இருக்கும் நேரத்தையே நம்புங்கள். புதன்கிழமை இந்த வண்டி ஓடாது. அன்றைய தேதியைப் போட்டுத் தேடிவிட்டு, வண்டியையே நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நிலையத்தின் பெயரை முழுதாகப் படியுங்கள். கோவை, மைசூர் வண்டிகள் சென்ட்ரலிலிருந்து. திருநெல்வேலி, நாகர்கோவில் வண்டிகள் எழும்பூரிலிருந்து. பெங்களூர் போகிறவர்களுக்குக் குழப்பம் இன்னும் அதிகம். கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் கிளம்புகிற வந்தே பாரத்துகள் கன்டோன்மென்ட் நிலையத்தில் முடிகின்றன; சென்னை – மைசூர் வண்டி நிற்பது கே.எஸ்.ஆர். பெங்களூரில். வரவேற்க வருகிறவரிடம் 'பெங்களூர் ஸ்டேஷன்' என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள்.

முன்பதிவு 60 நாள் முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கும். 2024 நவம்பருக்கு முன் இது 120 நாளாக இருந்தது, பழைய பதிவுகளைப் படித்து ஏமாற வேண்டாம்.

படி 2: ஏறும் நிலையம்

முன்பதிவுப் பக்கத்தில் நிறையப் பேர் நிரப்பாமல் தாண்டிப் போகிற பெட்டி இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

திருப்பூர் – சென்னை என்று தேடினால் வெயிட்டிங் லிஸ்ட் காட்டும். அதே வண்டியில், அதே தேதியில் கோவை – சென்னை என்று தேடினால் இடம் இருக்கும். கணினிக் கோளாறு இல்லை இது. எந்த நிலையத்திலிருந்து எதுவரை என்பதைப் பொறுத்து இருக்கைகள் தனித்தனி ஒதுக்கீடாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. வண்டி கிளம்பும் ஊரிலிருந்து எடுக்கிறவர்களுக்கே பெரும்பங்கு. நடுவில் ஏறுகிறவர்களுக்கு உள்ள சிறிய பங்கு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

வழி இதுதான். கோவை – சென்னை டிக்கெட்டாக எடுங்கள். பயணிகள் விவரம் நிரப்பும் பக்கத்தின் மேலேயே ஏறும் நிலையம் என்ற பெட்டி இருக்கும். அதில் தானாகவே கோயம்புத்தூர் என்று நிரம்பியிருக்கும். அதைத் தட்டி, பட்டியலிலிருந்து திருப்பூரைத் தேர்ந்தெடுங்கள். கட்டணம் கோவையிலிருந்துதான் பிடிப்பார்கள், வித்தியாசம் அதிகமில்லை. குறுக்கு வழியும் இல்லை, விதிக்கு உட்பட்டதே.

இங்கே இரண்டு தவறுகள் நடக்கும். பெட்டியை மாற்ற மறந்தால், கோவையில் நீங்கள் ஏறாததைப் பார்த்து டிக்கெட் பரிசோதகர் 'வரவில்லை' என்று குறித்துவிட்டு, உங்கள் இருக்கையை வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவருக்குக் கொடுத்துவிடலாம். மாற்றிவிட்டால், பிறகு மனம் மாறிக் கோவையிலேயே ஏறும் உரிமை உங்களுக்கு இல்லை. முன்கூட்டியே இறங்குவதற்கு இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. சென்னை – கோவை டிக்கெட்டோடு ஈரோட்டில் இறங்கிப் போனால் யாரும் கேட்கப்போவதில்லை.

படி 3: சாப்பாடும் இருக்கையும்

வந்தே பாரத் கட்டணத்தில் சாப்பாட்டுப் பணம் சேர்ந்தே வரும். வேண்டாம் என்றால் 'உணவு வேண்டாம்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம், தொகை குறையும். ஒவ்வொரு பயணியின் வரிசையிலும் இந்தத் தேர்வு தனித்தனியாக இருக்கிறது. ஆறு பேருக்கு எடுத்தால் ஆறு இடத்திலும் மாற்ற வேண்டும். கைப்பேசித் திரையில் இந்தப் பெட்டி கீழே ஒளிந்திருக்கும், உருட்டிப் பாருங்கள். திருப்பூரில் ஏறிச் சேலத்தில் இறங்குகிறவர் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுவது வீண். வேளைக்கு வேளை உணவுக் கட்டணம் மாறும் என்பதால் போகிற கட்டணமும் வருகிற கட்டணமும் ஒன்றாக இருக்காது.

சேர் கார் எனப்படும் சாதாரண ஏ.சி. இருக்கை வகுப்பில் ஒரு வரிசைக்கு 3 + 2 இருக்கைகள். ஜன்னல் ஓரம் வேண்டுமென்றால் விருப்பப் பெட்டியில் குறிக்கலாம், உறுதி கிடையாது. குடும்பமாகப் போகிறவர்கள் 'எல்லாருக்கும் ஒரே பெட்டியில் கிடைத்தால் மட்டும் பதிவு செய்' என்பதை டிக் செய்யுங்கள். ஆனால் இடம் கொஞ்சமே மிச்சமிருக்கும்போது அதை டிக் செய்தால் பதிவே ஆகாமல் போய்விடும்.

எக்ஸிகியூட்டிவ் வகுப்பு 2 + 2. கட்டணம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆறு மணி நேரத்துக்கும் குறைவான பகல் பயணத்துக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மட்டும் அந்தக் கூடுதல் இடம் காசுக்குத் தகும்.

படி 4: பணம் கட்டுவது

யு.பி.ஐ. போதும். ஏ.சி. வகுப்புக்கு வசதிக் கட்டணம் 20 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும், கார்டில் கட்டினால் அது 30. வெளி நிறுவனங்களின் செயலிகளில் எடுத்தால் அவர்கள் பங்குக்கும் ஒரு தொகை சேரும். அவசரமில்லாத நாளில் ரயில்வேயின் ரயில்ஒன் செயலி நன்றாகவே இருக்கிறது. காலை 8 மணிப் போட்டிக்கும், ஏ.சி. தட்கால் திறக்கும் 10 மணிக்கும் கணினியில் இணையதளத்தைத் திறந்து வைத்துக்கொள்வதே மேல். பயணிகள் பெயர்களை முன்பே பட்டியலில் சேமித்து வைத்தால் தட்டச்சு செய்யும் நேரம் மிச்சம்.

படி 5: வெயிட்டிங் லிஸ்ட்

சேர் காரில் ஆர்.ஏ.சி. கிடையாது. பாதி இருக்கையில் உட்கார்ந்து போகும் வழி இல்லை. ஒன்று உறுதியாகும், இல்லையென்றால் சார்ட் (பயணிகளின் இறுதிப் பட்டியல்) போட்டதும் இணைய டிக்கெட் தானாக ரத்தாகிப் பணம் திரும்பும். காலை 6 மணி வண்டிக்கு முந்தைய இரவே சார்ட் வந்துவிடும், தூங்கும் முன் டிக்கெட்டில் உள்ள பி.என்.ஆர். எண்ணைப் போட்டு நிலையைப் பார்த்துவிடுங்கள்.

சார்ட் போட்ட பிறகும் காலி இடம் இருந்தால் கரண்ட் புக்கிங்கில் விற்பார்கள். 2025 ஜூலையில் தெற்கு ரயில்வே சில வந்தே பாரத்துகளுக்கு, நடுவில் உள்ள நிலையங்களில் வண்டி வருவதற்கு 15 நிமிடம் முன்புவரை இப்படி எடுக்க வழி செய்தது. அந்த முதல் பட்டியலில் மதுரை – பெங்களூர் வண்டியும் எழும்பூர் – நாகர்கோவில் வண்டியும் உண்டு.

படி 6: ஏறுவதும் இறங்குவதும்

திருப்பூர், ஈரோடு போன்ற இடங்களில் வண்டி இரண்டு மூன்று நிமிடமே நிற்கும். சேர் கார் பெட்டிகள் சி1, சி2 என்றும், எக்ஸிகியூட்டிவ் இ1 என்றும் இருக்கும். நடைமேடையில் உங்கள் பெட்டி வரும் இடத்தில் முன்பே போய் நில்லுங்கள். கிடைத்த பெட்டியில் ஏறி உள்ளேயே நடந்து போகலாம் என்றால், பெட்டி படுக்கையோடு வருகிற கூட்டத்தில் சிக்கிக்கொள்வீர்கள்.

கதவுதான் பழைய பழக்கத்தை மாற்றச் சொல்கிறது. எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் தானாக மூடும். மூடிய பிறகே வண்டி நகரும். ஓடி வந்து தொற்றிக்கொள்ளவும் முடியாது, நகரும்போது குதித்து இறங்கவும் முடியாது. கோவையில் அம்மாவை உட்காரவைத்துப் பையை மேலே தூக்கி வைக்க உள்ளே போன மகன், அடுத்து இறங்குவது திருப்பூரில்தான். வழியனுப்புகிறவர்கள் நடைமேடையிலேயே நில்லுங்கள். மாட்டிக்கொண்டால் சங்கிலியைத் தேடாமல் பரிசோதகரிடம் சொல்லுங்கள். கதவருகே இருக்கும் பேசும் கருவி ஓட்டுநர் அறையோடு பேசுவதற்கு, அவசரத்துக்கு மட்டும்.

இறங்க வேண்டிய ஊர் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே பையை இறக்கிக் கதவருகே போய்விடுங்கள்.

பிற்சேர்க்கை

எதிர்த்திசை பார்த்த இருக்கை: எக்ஸிகியூட்டிவ் இருக்கையை 180 டிகிரி திருப்பலாம். சேர் காரில் முடியாது. பின்னோக்கிப் போனால் தலைசுற்றும் என்றால் ஏறியவுடன் பக்கத்தில் இருப்பவரிடம் மாற்றிக்கொள்ளக் கேளுங்கள், பரிசோதகர் வந்து பார்த்தபின் வேண்டாம்.

குழந்தைகள்: 5 வயதுக்குக் கீழ் தனி இருக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். 5 நிரம்பினால் முழுக் கட்டணம். அரை டிக்கெட் இந்த வண்டியில் இல்லை.

வேகம்: இந்த வண்டிகளைச் செய்வது சென்னை பெரம்பூரில் உள்ள ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். வடிவமைப்பு வேகம் மணிக்கு 180 கி.மீ. என்றாலும் நம் பாதைகளில் 110 முதல் 130 வரைதான். தனி எஞ்சின் இல்லாமல் பெட்டிகளுக்கு அடியிலேயே மோட்டார்கள் இருப்பதால் நின்று கிளம்பும்போது சட்டென வேகம் பிடிக்கும், மிச்சமாகும் நேரத்தில் ஒரு பங்கு அங்கேதான். நின்றுகொண்டே தேநீர் குடிக்கிறவர்கள் அந்த நேரத்தில் கம்பியைப் பிடித்துக்கொள்ளவும்.