சைவ விருந்தாளியா? மூணு கேள்வி போதும்

சைவம்னு சொல்றவங்ககிட்ட சமைக்கிறதுக்கு முன்னாடியே பால் ஓகேவா, முட்டை ஓகேவா, வெங்காயம் பூண்டு ஓகேவான்னு கேட்டுருங்க. நம்ம தர்மபுரி பக்கம் சைவம்னா பால், மோர் உண்டு, முட்டை கிடையாது, ஆனா ஓசூர் கம்பெனிக்கு வர்ற வெளிநாட்டுக்காரங்கள்ல பல பேருக்கு முட்டையும் சைவம்தான், வீகன்னா பால், நெய், தேன்கூட ஆகாது, ஜைனர்னா உருளைக்கிழங்கு, கேரட்டும் கட். வீகனுக்கு நெய் விடாத ராகிக்களி, கீரை கடைசல் போதும், தனியா சமைக்கிற வேலை மிச்சம் (ஜைனர்னா கடைசல்ல வெங்காயம் பூண்டு வேணாம்). பாக்கெட் ஐட்டத்துக்கு இந்த மூணு கேள்வி மட்டும் உதவாது, சைவம்னு காட்டுற பச்சைப் புள்ளி இருந்தாலும் உள்ள பால் இருக்கலாம், அலர்ஜி உள்ளவங்கன்னா லேபிளைப் படிச்சே ஆகணும்.