எரியோன் புதைபடிவத்தைப் பார்த்ததும் செய்யும் தவறுகள்

எரியோன், ஜுராசிக் காலத்தில் வாழ்ந்து அழிந்துபோன ஒரு சிங்கி இறால் பேரினம். ஜெர்மனியில், பவேரியாவின் சோல்ன்ஹோஃபென் பகுதியில் கிடைக்கும் தகடு தகடான சுண்ணாம்புக்கல்லில் இதன் புதைபடிவங்கள் இருக்கின்றன. வயது சுமார் 15 கோடி ஆண்டுகள். மேல் ஓடு அகலமாகத் தட்டையாக இருப்பதால் பார்த்தவுடனே ‘நண்டு’ என்று சொல்லிவிடுகிறோம். ஓட்டை விட்டுவிட்டு வாலைப் பாருங்கள். நண்டு வாலை வயிற்றுக்கடியில் மடித்து வைத்திருக்கும், இதற்கோ பின்னால் நீண்டு விசிறிபோல் விரிந்திருக்கும்.

அப்படியானால் இன்றைய சிங்கி இறாலின் பாட்டன்தானே? அதுவும் இல்லை, கொடுக்குகளை எண்ணினாலே தெரியும். இன்றைய பெருங்கொடுக்குச் சிங்கி இறாலுக்கு முதல் மூன்று ஜோடிக் கால்களில் கொடுக்கு, எரியோனுக்கு முதல் நான்கு ஜோடிகளில். இதன் நெருங்கிய சொந்தங்கள் இன்று ஆழ்கடலில் கண்பார்வை மங்கி வாழ்கின்றன. அதற்காக எரியோனும் ஆழ்கடல் பிராணி என்று முடிவுகட்டினால் அது அடுத்த தவறு, ஏனென்றால் சோல்ன்ஹோஃபென் சேறு படிந்தது ஆழம் குறைந்த உப்பங்கழிகளில். அந்தக் கழிகளின் அடித்தண்ணீரில் உப்பு மிஞ்சி, ஆக்சிஜன் குறைந்து, பிணம் தின்ன எதுவும் வராததால்தான் இவ்வளவு முழுசாகக் கிடைக்கின்றன, ஆக கிடைத்த இடமே வாழ்ந்த இடம் என்றும் நம்பிவிட முடியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ஓட்டைப் பார்த்துப் பிணம் என்று நினைப்பது. இந்த இனங்கள் வளர வளர ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போகும். இன்றைய அமெரிக்கச் சிங்கி இறால் பிடிக்கும் அளவுக்கு வளர்வதற்குள் 20 தடவைக்கு மேல் கழற்றுகிறது. ஒரே பிராணி பல ஓடுகளைப் போடும், பிணமோ ஒன்றுதான். மேல் ஓடு வால் பகுதியிலிருந்து பிரிந்து தூக்கியோ திரும்பியோ கிடந்தால் கழற்றிய சட்டையாக இருக்க வாய்ப்பு அதிகம். இதைக் கவனிக்காமல் கல்லில் பத்து இருக்கிறது, பத்து செத்தன என்று கணக்குப் போடுகிறோம்.

அப்புறம் வரைபவர்கள் கவனத்துக்கு, சிவப்பு பூச வேண்டாம். அது வெந்த இறாலின் நிறம். சூடு பட்டதும் புரதத்தோடு பிணைந்திருந்த நிறமி விடுபட்டு வெளியே தெரிவது. கல்லில் தெரியும் பழுப்போ தாதுக்கள் கொடுத்தது.

சுத்தம் செய்கிறேன் என்று வினிகரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், சுண்ணாம்புக்கல் நுரைத்துக் கரையும், கூடவே படிவமும் போகும்.