தினம் ஒரு அரிய ஆங்கிலச் சொல்: மறக்காமல் இருக்க நான் செய்வது

நான் ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், சரக்கு ஏன் தாமதமானது என்று வாடிக்கையாளருக்கு விளக்கி எழுத வேண்டியிருந்தது. ‘விடாத மழையால்’ என்று சொல்ல நினைத்தேன். அந்த வாரம்தான் ‘அசிட்யுவஸ்’ என்ற சொல்லை நோட்டில் எழுதி, எதிரே ‘விடாத, தொடர்ந்த’ என்று பொருள் குறித்திருந்தேன். அதை அப்படியே மழைக்கு முன்னால் போட்டு அனுப்பிவிட்டேன். மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார், இது என்ன வகை மழை என்று.

அசிட்யுவஸ் என்பது மனிதர்களுக்கும் அவர்களுடைய உழைப்புக்கும் சொல்வது. விடாமல் படிக்கும் மாணவி, சலிக்காமல் தேடும் ஆய்வாளர், ஒரு செவிலியரின் ஓயாத கவனிப்பு, இவற்றோடு வரும். மழைக்கு ‘இன்செசன்ட்’ என்று எழுதியிருக்க வேண்டும். தமிழில் இரண்டுமே ‘விடாத’தான்.

அன்று மாலை அந்த நோட்டை முழுக்கப் புரட்டிப் பார்த்தேன். முந்நூறுக்கும் மேல் சொற்கள் இருந்தன. தயங்காமல் ஒரு வாக்கியத்தில் எழுதக்கூடியவை பத்துகூடத் தேறவில்லை. அதை மூடிவைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். இப்போது நான் செய்வதை அப்படியே கீழே தருகிறேன். வாசிக்க வசதியாக இங்கே ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். நீங்கள் எழுதி வைக்கும்போது ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். காரணம் ஐந்தாம் படியில் வரும்.

படி 1: சொல்லைப் பிடிப்பது

இரண்டு வழி உண்டு. ஒன்று, தினம் ஒரு சொல்லை அனுப்பும் சேவைகள். மெரியம்–வெப்ஸ்டர் அகராதிக்காரர்கள் அப்படி ஒன்று நடத்துகிறார்கள். அனு கார்க் 1994 முதல் மின்னஞ்சலில் அனுப்பிவருவது இன்னொன்று. அதில் வாரத்துக்கு ஒரு கருப்பொருள் வைத்துச் சொற்களைத் தேர்ந்தெடுப்பார்கள். எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

இரண்டாவது வழி, நீங்கள் படிக்கும் செய்தியிலோ கட்டுரையிலோ தட்டுப்படும் சொல்லை எடுத்துக்கொள்வது. இதுதான் மேல் என்பது என் முடிவு. அந்தச் சொல் உங்களிடம் வரும்போதே ஒரு வாக்கியத்தோடு வருகிறது. எங்கே படித்தோம், அன்று என்ன நடந்தது என்பதும் கூடவே ஒட்டிக்கொள்ளும். வாரத்தில் ஐந்து நாள் என் வாசிப்பிலிருந்தும், இரண்டு நாள் மின்னஞ்சலிலிருந்தும் எடுக்கிறேன்.

ஒரு நாளுக்கு ஒரு சொல் போதும். ஆர்வத்தில் முதல் வாரம் பத்துப் பத்தாகச் சேர்க்கத் தோன்றும். வேண்டாம். மூன்றாம் வாரம் திரும்பிப் பார்க்க வேண்டியவை குவிந்துபோய்க் கை ஓய்ந்துவிடும்.

படி 2: அகராதி

மாணவர்களுக்கென்று எழுதிய அகராதி வேண்டும். லாங்மன், ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ், கேம்பிரிட்ஜ் மூன்றுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நான் லாங்மனைத்தான் முதலில் திறப்பேன். ஏறக்குறைய 2000 எளிய சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாச் சொல்லுக்கும் பொருள் சொல்கிறார்கள். ஒரு சொல்லின் பொருளைப் புரிந்துகொள்ள இன்னொரு சொல்லைத் தேடி ஓட வேண்டியதில்லை.

படி 3: அட்டை எழுதுவது

நான் விழுந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முன்பு என் நோட்டில் ஒரு கோடு இருக்கும். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ்ச் சொல் ஒன்று. பள்ளியில் பழகிய முறை. பொருள் தெரிந்துவிட்டது என்ற நிறைவை அது உடனே தந்துவிடும். ஆனால் அந்தச் சொல் யாரோடு சேர்ந்து வரும், எங்கே வராது என்று அதில் ஒன்றும் இருக்காது. தமிழிலேயே பாருங்கள். மழை ‘பொழியும்’, வெயில் ‘அடிக்கும்’, பனி ‘பெய்யும்’. வெயில் பொழிகிறது என்று ஒருவர் எழுதினால் அவருக்குப் பொருள் தெரியவில்லை என்று சொல்ல மாட்டோம், அந்தச் சொல்லோடு பழகவில்லை என்றுதான் நினைப்போம். ஆங்கிலத்திலும் அப்படித்தான்.

இப்போது நோட்டுக்குப் பதில் ஒரு சொல்லுக்கு ஒரு அட்டை எழுதுகிறேன். அதில் நான்கு வரிகள் இருக்கும். முதல் வரி, அந்தச் சொல் வந்த உண்மையான வாக்கியம். நானே ஜோடிப்பது கிடையாது. படித்த இடத்திலிருந்தோ அகராதியிலிருந்தோ எடுப்பேன். இரண்டாவது, அது சேர்ந்து வரும் இரண்டு மூன்று சொற்கள். மூன்றாவது, தமிழில் ஒரு முழு வரி விளக்கம். அசிட்யுவஸுக்கு நான் எழுதியிருப்பது: ‘எடுத்த வேலையைக் கவனம் சிதறாமல், நுணுக்கமாக, நாள்கணக்கில் செய்துகொண்டே இருப்பவரைப் பற்றிச் சொல்வது.’ நான்காவது வரி, ‘இதற்கு வராது’ என்ற குறிப்பு. அதில் ‘மழை’ என்று எழுதியிருக்கிறேன்.

நான்காவது வரியை விட்டுவிடாதீர்கள். எனக்கு மிகவும் உதவியது அதுதான். சொல்லை எங்கே வைக்கக் கூடாது என்று தேடும்போதுதான் அதன் எல்லை பிடிபடும்.

‘செரன்டிபிட்டி’க்கு ‘அதிர்ஷ்டம்’ என்று எழுதி வைத்திருப்பவர்கள் நிறைய. லாட்டரி விழுந்தால் அது செரன்டிபிட்டி ஆகாது. வேறு எதையோ தேடிப் போகும் வழியில் நல்ல ஒன்று எதிர்ப்பட்டு, அதன் மதிப்பை உணர்ந்து எடுத்துக்கொள்வதுதான் அது. ஹொரேஸ் வால்போல் 1754 ஜனவரி 28 அன்று எழுதிய ஒரு கடிதத்தில் இந்தச் சொல்லை உருவாக்கினார். செரன்டிப் நாட்டு இளவரசர்கள் மூவரைப் பற்றிய பாரசீகக் கதை ஒன்று உண்டு. தாங்கள் தேடாதவற்றைத் தற்செயலாலும் கூர்மதியாலும் கண்டுகொண்டே போவார்கள் அவர்கள். செரன்டிப் என்பது இலங்கையின் பழைய பெயர். தற்செயல், கூர்மதி என்ற இரண்டும் சேர்ந்தால்தான் அந்தச் சொல். ‘அதிர்ஷ்டம்’ என்று எழுதினால் பாதி போய்விடுகிறது.

படி 4: சொல்லின் கதை

எனக்கு மிகவும் பிடித்த படி இது. தினம் ஐந்து நிமிடம் என்று திட்டமிட்டாலும், இங்கே வந்தால் அரை மணி நேரம் போய்விடும். சொற்பிறப்புக்கு எட்டிம்ஆன்லைன் தளத்தைப் பார்க்கிறேன். டக்ளஸ் ஹார்ப்பர் என்ற தனிமனிதர் உருவாக்கியது.

அசிட்யுவஸின் லத்தீன் வேருக்கு ‘பக்கத்தில் உட்கார்ந்திருப்பது’ என்று பொருள். வேலையின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுபவர்! ‘செஷன்’, ‘செடன்டரி’ இரண்டிலும் இருப்பது அதே உட்காருதல்தான். ‘பிரசிடென்ட்’ என்பவர் முன்னால் உட்காருபவர். இதைப் படித்த பிறகு அந்தச் சொல்லை நான் மறக்கவே இல்லை. மழை எங்கே உட்காரும்?

‘பெட்ரிகோர்’ என்று ஒரு சொல் உண்டு. காய்ந்த மண்ணில் முதல் மழை விழும்போது எழும் வாசனை. நம்முடைய மண்வாசனை! ஆங்கிலத்தில் இது 1964-இல்தான் பிறந்தது. ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளான இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையில் வைத்த பெயர். கிரேக்கத்தில் ‘பெட்ரா’ என்றால் கல், ‘இகோர்’ என்பது தேவர்களின் உடலில் ஓடும் ரத்தம். வறண்ட காலத்தில் செடிகளின் எண்ணெய்ப் பொருள்கள் மண்ணிலும் கல்லிலும் ஊறி இருக்கும், மழை பட்டதும் வெளிவரும். மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளும் அந்த வாசனையில் சேர்ந்திருக்கிறது. பாட்டி திண்ணையில் உட்கார்ந்து மூச்சை இழுத்து அனுபவித்ததற்கு ஆங்கிலத்தில் அறுபது வருடம் முன்புதான் ஒரு பெயர் வந்திருக்கிறது என்று தெரிந்தபோது, அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் ஒரு யோசனை. முதல் வாரத்தைத் தமிழிலிருந்து போன சொற்களாக வைத்துக்கொள்ளுங்கள். ‘கேட்டமரான்’ நம் கட்டுமரம், ‘செரூட்’ சுருட்டு, ‘மல்லிகடானி’ மிளகுத்தண்ணி. கல்லணையை ஆங்கிலத்தில் கிராண்ட் ‘அனிகட்’ என்பார்கள், அது நம் அணைக்கட்டு. மாணிக்கமும் நீலமும் எந்தக் கனிமத்தின் வகைகளோ அந்தக் ‘கொரண்டம்’ நம் குருந்தத்திலிருந்து போனது. வேர் ஏற்கெனவே உங்களுடையது, அதனால் முதல் வாரமே சோர்ந்துபோக மாட்டீர்கள். அங்கே போனபின் பொருள் எப்படி மாறியது என்று மட்டும் கவனியுங்கள். இன்றைய கேட்டமரான் எல்லாம் இரண்டு உடல் பூட்டிய படகு.

படி 5: உச்சரிப்பு

தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதி வைக்காதீர்கள். கேட்பவரின் மனத்தில் இரக்கத்தை எழுப்பும் தன்மைக்கு ஒரு சொல் உண்டு, பேதாஸ். உயர்வாகப் போய்க்கொண்டிருந்த பேச்சு திடீரென்று அற்பமான ஒன்றில் வந்து விழுவதற்கும் ஒரு சொல் உண்டு, அதையும் தமிழில் எழுதினால் பேதாஸ்தான்! முதலாவது ‘பட்டு’வில் வரும் ப, இரண்டாவது ‘பந்து’வில் வரும் ப. என் பழைய நோட்டில் இரண்டும் ஒரே மாதிரி இருந்தன.

யூக்ளிஷ் என்ற தளத்தில் சொல்லைத் தட்டினால், அது பேசப்படும் யூடியூப் காட்சிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும். ஐந்து பேர் சொல்வதைக் கேளுங்கள். எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்று பார்த்து, அட்டையில் அந்த அசைக்குக் கீழே கோடு போடுங்கள். அசிட்யுவஸில் இரண்டாவது அசை. நாம் எல்லா அசையையும் ஒரே அளவில் சொல்லிப் பழகியவர்கள் என்பதால் இது கொஞ்சம் நாள் பிடிக்கும்.

படி 6: திரும்பிப் பார்ப்பது

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். கற்ற உடனேதான் மறதி மிக வேகமாக இருக்கும், பிறகு மெல்லக் குறையும். அதனால் முதலில் அடுத்தடுத்தும், போகப்போக இடைவெளி விட்டும் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கை நமக்காகப் போட்டுக்கொடுக்கும் செயலிதான் ஆன்கி. ஜப்பானிய மொழியில் மனப்பாடம் என்று பொருள். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு கொடுக்க வேண்டும். அழகான பொம்மை, பரிசு, மணி என்று வரும் செயலிகள் பலவற்றைப் பார்த்துவிட்டேன். நாமே எழுதிய அட்டையை வைத்துப் படிக்க ஆன்கிதான் சரி.

நிறுவியதும் அமைப்புகளில் ஒரு நாளுக்கு 20 புது அட்டைகள் என்று இருக்கும். அதை 1 ஆக மாற்றுங்கள். அட்டை வகையில் ‘க்ளோஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வாக்கியத்தை ஒட்டி, அந்தச் சொல்லை மட்டும் தேர்வு செய்து, சதுர அடைப்புக்குள் மூன்று புள்ளி போட்ட பொத்தானை அழுத்தினால் அந்த இடம் கோடிட்ட இடமாகிவிடும். தினம் காலையில் வாக்கியம் வரும், சொல்லை நீங்கள் நிரப்ப வேண்டும். சொல்லைக் காட்டிப் பொருள் கேட்பதைவிட இது கடினம். ஆனால் எழுதும்போது நமக்கு நடப்பது இதுதானே.

படி 7: பயன்படுத்துவது

மூன்று வாரம் வரை அலுவலகக் கடிதத்தில் புதுச் சொல்லைப் போடாதீர்கள். அதுவரை நண்பர் ஒருவருக்குக் குரல்பதிவாக ஒரு வாக்கியம் அனுப்புங்கள். நானும் என் சக ஊழியரும் இரவு ஒன்பது மணிக்கு ஆளுக்கு ஒன்று அனுப்பிக்கொள்கிறோம். அவர் ஒன்றைச் சரியில்லை என்றால் இருவரும் அகராதியைத் திறப்போம். எந்தச் சொல் பேச்சுக்கு, எது எழுத்துக்கு என்பதும் இதில்தான் பிடிபடுகிறது. அசிட்யுவஸ் எழுத்துக்கு அழகு, டீக்கடையில் சொன்னால் கனமாக இருக்கும்.

பின்சேர்க்கை 1

இந்த முறையைத் தொடங்கிய சிலர், பதினைந்தாம் நாளே அட்டைகள் தேங்குகின்றன என்றார்கள். கேட்டுப் பார்த்தால், ‘பேசிக் அண்ட் ரிவர்ஸ்டு’ வகையை எடுத்திருந்தார்கள். அதில் ஒரு சொல்லுக்கு இரண்டு அட்டைகள் உருவாகும், நாம் அனுமதித்திருப்பதோ ஒன்று. க்ளோஸுக்கு மாறுங்கள், அல்லது எண்ணிக்கையை 2 ஆக்குங்கள்.

இன்னொரு சிக்கல் பொத்தானில். சொல் நினைவுக்கு வரவில்லை என்றால் ‘அகெய்ன்’ அழுத்த வேண்டும். பலர் ‘ஹார்ட்’ அழுத்துகிறார்கள். ஹார்ட் என்றால் ‘சிரமப்பட்டு நினைவுக்கு வந்துவிட்டது’ என்றுதான் ஆன்கி எடுத்துக்கொள்ளும், இடைவெளியும் நீண்டுவிடும்.

பின்சேர்க்கை 2

ஒரு தோழி, பயிற்சி வகுப்பு எடுத்தவருக்கு நன்றி சொல்லும்போது அந்த வகுப்பை ‘எனர்வேட்டிங்’ என்று புகழ்ந்துவிட்டார். எனர்ஜி போலக் கேட்கும், ஆனால் தெம்பை உறிஞ்சிவிடுவது என்று பொருள். இதுபோல் காதை ஏமாற்றும் சொற்களுக்கு ஆன்கியில் தனிச் சிவப்பு அடையாளம் வைத்திருக்கிறேன். ‘நாய்சம்’ என்பதில் சத்தம் இல்லை, துர்நாற்றம். ‘ரெஸ்டிவ்’ என்பதில் ஓய்வு இல்லை, அடங்காமல் நெளிவது. ஒலியை வைத்துப் பொருளை ஊகித்த சொல் எதுவானாலும், அன்றே அகராதியில் பார்த்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 3

கைபேசி கையில் இல்லாத பிள்ளைகளுக்கு என்ன வழி என்று ஒரு ஆசிரியை கேட்டார். 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் சொன்ன பெட்டி முறை இருக்கிறது. ஐந்து காலிப் பெட்டிகள், செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியாக இருந்தாலும் சரி. புது அட்டை முதல் பெட்டியில். சரியாகச் சொன்னால் அடுத்த பெட்டிக்கு, தவறினால் எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதல் பெட்டிக்கு. முதல் பெட்டியைத் தினமும், இரண்டாவதை இரண்டு நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை, நான்காவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவதை மாதம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தை நான்காக வெட்டினால் நல்ல தடித்த அட்டைகள் கிடைக்கும்.