மலிவான மூலப்பொருளிலிருந்து ஃப்ளூரோ ஒலிஃபின்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் ஏ.சி.களில் நெடுங்காலம் நிரப்பப்பட்டு வந்த ஆர்-134ஏ வாயுவின் புவி வெப்பமாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல 1430 மடங்கு. இத்திறன் 150-ஐத் தாண்டும் வாயுவைப் புதிய கார்களில் நிரப்பக் கூடாது என்னும் ஐரோப்பிய ஒன்றிய விதி 2017-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, அதன் இடத்தைப் பிடித்தது 1234ஒய்எஃப் எனப்படும் 2,3,3,3-டெட்ராஃப்ளூரோபுரோப்பீன். இது ஃப்ளூரோ ஒலிஃபின், அதாவது கார்பன் இரட்டைப் பிணைப்பும் ஃப்ளூரினும் கொண்ட சேர்மம். இதன் திறன் 1-க்கும் குறைவு. விலையோ பழைய வாயுவைவிட மிக அதிகம். ஆகவே எளிதில் கிடைக்கும் மலிவான பொருள்களிலிருந்து இதைத் தயாரிக்கும் வழிகளைப் பலரும் ஆராய்கின்றனர். அந்த ஆய்வுகளில் அடிக்கடி நேரும் தவறுகள் சில உண்டு.

அவற்றுள் முதன்மையானது, மூலப்பொருளின் கிலோ விலையை மட்டும் வைத்து வழியைத் தேர்ந்தெடுப்பது. கார்பன் டெட்ராகுளோரைடும் எத்திலீனும் மலிவானவை என்பதில் ஐயமில்லை. இரண்டையும் சேர்த்தால் 1,1,1,3-டெட்ராகுளோரோபுரோப்பேன் கிடைக்கும். அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடை நீக்கி, குளோரின் ஏற்றி, மீண்டும் ஹைட்ரஜன் குளோரைடை நீக்கினால் 1,1,2,3-டெட்ராகுளோரோபுரோப்பீன் வரும். அதன்பின் ஹைட்ரஜன் ஃப்ளூரைடுடன் வினைபுரியச் செய்து, குளோரின்களைப் படிப்படியாக வெளியேற்ற வேண்டும். சமன்பாட்டை முழுவதும் எழுதிப் பார்த்தால், ஒரு மூலக்கூறு 1234ஒய்எஃப் உருவாகும்போது ஆறு மூலக்கூறு ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறுவது தெரியும். எடையில் சொன்னால், 114 கிலோ விளைபொருளுக்கு ஏறக்குறைய 219 கிலோ. இந்த அமிலத்தை வாங்க ஆளில்லாத இடத்தில் ஆலையை அமைத்துவிட்டு, அதைச் சுண்ணாம்பு போட்டு நடுநிலையாக்கும் செலவைப் பிறகு கணக்கிடுவது திட்டத்தையே கவிழ்த்துவிடும்.

மாற்று வழியாகிய ஹெக்ஸாஃப்ளூரோபுரோப்பீனில் படிகள் எளிதாகத் தோன்றும்: ஹைட்ரஜன் ஏற்றி ஹைட்ரஜன் ஃப்ளூரைடை நீக்குவதை இரு முறை செய்தால் போதும். ஆனால் அது ஆர்-22 என்னும் குளிர்பதன வாயுவை உயர்வெப்பத்தில் சிதைத்துப் பெறப்படும் பொருள். இழப்பே இல்லாத நிலையிலும் 114 கிலோ விளைபொருளுக்குச் சுமார் 259 கிலோ ஆர்-22 வேண்டும். ஆறு ஃப்ளூரின் அணுக்களை அரும்பாடுபட்டு ஏற்றிவிட்டு இரண்டைக் கழற்றி எடுக்கிறோம். ஆர்-22 தயாரிப்பிலோ எச்.எஃப்.சி.-23 என்னும் வாயு பக்கவிளைபொருளாக வருகிறது. அதன் திறன் 14,800 மடங்கு. இந்திய அரசு 2016 அக்டோபரில் ஆர்-22 உற்பத்தியாளர்கள் அதை எரித்து அழிக்க வேண்டும் என்று ஆணையிட்டதற்குக் காரணம் இதுவே. அந்த வாயு எங்கோ தயாரிப்பின் முந்தைய கட்டத்தில் கசிந்துகொண்டிருக்க, கடைசிக் கட்டத்தில் கிடைக்கும் விளைபொருளைச் சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று அழைப்பது முறையன்று என்பது என் உறுதியான கருத்து.

'தாராளமாகக் கிடைக்கும்' என்ற சொல்லையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும். கார்பன் டெட்ராகுளோரைடு பெரும்பாலும் குளோரோமீத்தேன் ஆலைகளில் உடன்விளைபொருளாகக் கிடைப்பது. அந்த ஆலைகளின் உற்பத்தி குறைந்தால் இதுவும் குறையும். தவிர, இது ஓசோன் படலத்தைச் சிதைக்கும் பொருள். மான்ட்ரியல் உடன்படிக்கை இதை மூலப்பொருளாகப் பயன்படுத்த விலக்கு அளித்திருக்கிறதே தவிர, கசியவிட அனுமதி தரவில்லை.

அடுத்த தவறு, குளோரினேற்றிய இடைப்பொருளின் தூய்மையில் விட்டுக்கொடுப்பது. டெட்ராகுளோரோபுரோப்பீனில் ஈரமோ, ஆவியாகாத கசடோ, முந்தைய படியில் வினையூக்கியாக இருந்த இரும்பின் மிச்சமோ இருந்தால், ஆவியாக்கியின் சூடான சுவரில் அது தாராகப் படியும். குரோமியம் ஆக்சைடு வினையூக்கியின் மேல் கரி ஏறும். ஈரம் ஹைட்ரஜன் ஃப்ளூரைடுடன் சேர்ந்து குழாய்களை அரிக்கும். புத்தம் புதிய வினையூக்கியில் சில மணி நேரம் ஓட்டிப் பார்த்த ஆய்வகச் சோதனையில் இவை எதுவும் தெரியாது. மலிவான சரக்கைக் கொண்டு நீண்ட நேரம் ஓட்டி, கரியைக் காற்றில் எரித்து நீக்கி, மீண்டும் ஓட்டிப் பார்த்த பிறகே அதன் உண்மையான விலை தெரியும்.

பிரித்தெடுக்கும் படியில்தான் பலரும் சிக்கிக்கொள்கின்றனர். டெட்ராகுளோரோபுரோப்பீன் முதலில் மூன்று ஃப்ளூரினும் ஒரு குளோரினும் கொண்ட 1233எக்ஸ்எஃப் என்னும் இடைப்பொருள் ஆகிறது. அதனுடன் ஆண்டிமனி குளோரைடு வினையூக்கியின் துணையால் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு சேர்ந்து, நான்கு ஃப்ளூரினும் ஒரு குளோரினும் கொண்ட 244பிபி ஆகிறது. இவ்விரண்டின் கொதிநிலைகளும் மிக நெருக்கமானவை. சேர்ந்தே ஆவியாகும் கலவையாகவும் நடந்துகொள்பவை. எத்தனை தட்டுகள் கொண்ட வடிகோபுரம் கட்டினாலும் இவற்றைச் சுத்தமாகப் பிரிப்பது கடினம். ஆகவே கோபுரத்தை உயர்த்துவதைவிட, வினைக்கலனிலேயே 1233எக்ஸ்எஃப் மிச்சமாகாதபடி பார்த்துக்கொள்வது நல்லது. அதற்காக வினையைக் கடுமையாக்கினால் ஒரு ஃப்ளூரின் கூடுதலாக ஏறி, ஐந்து ஃப்ளூரின் கொண்ட 245சிபி உருவாகும். அதைக் கழிவென்று ஒதுக்குவது இன்னொரு தவறு. அதிலிருந்து ஹைட்ரஜன் ஃப்ளூரைடை நீக்கினாலும் நமக்கு வேண்டிய 1234ஒய்எஃப் தான் கிடைக்கிறது.

கடைசிப் படியில் 244பிபி-யிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு மட்டும் நீங்க வேண்டும். 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், ஹைட்ரஜன் ஃப்ளூரைடு நீங்கும் வினையும் இதனோடு போட்டியிடுகிறது. அது வென்றால் மூலக்கூறு மீண்டும் 1233எக்ஸ்எஃப் ஆகி, ஒரு படி பின்னோக்கிப் போய்விடும். வெப்பநிலையில் மட்டும் கவனம் செலுத்துவோர் குழாயின் உட்சுவரை மறந்துவிடுகின்றனர். சுவரில் படிந்த உலோக ஆக்சைடு, வேண்டாத அந்த வினையை ஊக்குவிக்கும். பராமரிப்புக்காகக் குழாயைத் திறந்து, காற்றுப்பட வைத்து, அப்படியே மூடி ஓட்டத் தொடங்கினால், நேற்று வந்த விளைச்சல் இன்று வராது.

தயாரித்த வாயுவைச் சோதிக்கும்போது மொத்தத் தூய்மை 99.5 சதவீதம் என்று கண்டவுடன் நிறைவடைந்துவிடலாகாது. எஞ்சிய அரை சதவீதத்தில் என்னென்ன உள்ளன என்பதைத் தனித்தனியே அளக்க வேண்டும். 3,3,3-ட்ரைஃப்ளூரோபுரோப்பைன் போன்ற மூவிணைப்புச் சேர்மம் சிறிதளவே இருந்தாலும் அதை நீக்கியாக வேண்டும். அதற்கான படியையும் தொடக்கத்திலேயே செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.