புள்ளிவிபரவியல் மேற்படிப்பு: விண்ணப்பிக்கும் முன்

திருகோணமலையிலிருந்து புள்ளிவிபரவியல் மேற்படிப்புக்கு விண்ணப்பிப்போர், முதுமாணியா கலாநிதியா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். பேராதனையில் பிரயோகப் புள்ளிவிபரவியல் முதுமாணி விரிவுரைகள் வார இறுதியில் நடைபெறுவதால் வேலையை விடாமலே கற்கலாம். ஆனால் ஹபரணை வழியான பயணச் செலவையும் களைப்பையும் கட்டணத்தோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

அமெரிக்கக் கலாநிதி நெறிகளில் பெரும்பாலும் கற்பித்தல் உதவியாளர் பணியின் மூலம் கட்டண விலக்கும் மாதாந்தக் கொடுப்பனவும் கிடைக்கின்றன. அங்குள்ள தெரிவுக் குழுவினர் மென்பொருள் அறிவைவிட, நேரியல் அட்சரகணிதத்திலும் மெய்ப் பகுப்பாய்விலும் (மெய்யெண்கள், எல்லைகள், சார்புகள் பற்றிய நிறுவல் சார்ந்த கணிதம்) நீங்கள் பெற்ற பெறுபேறுகளையே உன்னிப்பாக நோக்குவதால், இறுதியாண்டில் இப்பாடங்களைத் தவிர்ப்பது பெருந்தவறு என்பேன்.

நிதியுதவியுடன் இடம் கிடைத்தால் அவசரப்பட வேண்டாம். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஏற்றுள்ள உடன்பாட்டின்படி உங்கள் முடிவைத் தெரிவிக்க ஏப்ரல் 15 வரை அவகாசமுண்டு. அதற்குள் அங்கு பயிலும் மாணவருக்கு எழுதி, கலாநிதி நெறியைத் தொடரச் சித்தியடைய வேண்டிய தகுதிகாண் பரீட்சையில் எத்தனை பேர் சித்தியடைகின்றனர் எனக் கேட்டறியுங்கள்.